பூஜையில் வைத்த அலன் கீ

ரிமோட் பாய்மரப் படகு வைத்திருக்கிறவர் வீட்டில் அவசியம் இருக்க வேண்டிய சாமான் எது என்று யாராவது கேட்டால், ஒன்றரை மில்லிமீட்டர் அலன் கீ என்று சொல்வேன். மடங்கின ஆறுபட்டைக் கம்பி, அவ்வளவுதான். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் நீளம். அது கைக்குக் கிடைக்காமல் ஒரு மதியம் முழுக்க செஞ்சி கடைத்தெருவில் பைத்தியம் பிடித்த மாதிரி அலைந்தேன். கீ தொலைந்துபோய் அலையவில்லை. அது என் கடையிலேயே, என் கண்ணெதிரிலேயே, வாழை இலை மேல் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு படுத்திருந்தது. அன்றைக்கு ஆயுத பூஜை.

என் தொழில் செல்போன் ரிப்பேர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. வீட்டில் நானும் அம்மாவும். தம்பி கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை செய்கிறான். ஒன்பது மாதம் கடல், இரண்டு மூன்று மாதம் லீவு. நாலு வருஷத்துக்கு முன் ஒரு லீவில் சும்மா இருக்க முடியாமல், மெல்லிய பிளைவுட்டை வளைத்து ஒட்டி, மேலே ஃபைபர் பூசி, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு படகைச் செய்தான். அடியில் தொங்குகிற ஈயக் குண்டைக்கூட அவனே உருக்கி ஊற்றினான். உள்ளே வைக்கும் மோட்டார், ரிசீவர், பேட்டரி, ஒயர் எல்லாம் என் பொறுப்பு. லீவு முடிந்து போகும்போது, "அடுத்த தபா வரும்போது ஏரியில வுட்டுக் காட்டுக்கா" என்றான்.

காட்டினேனா? இல்லை. அடுத்த லீவில் ஏரியில் தண்ணீர் இல்லை, கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த லீவில் தண்ணீர் இருந்தது. படகை விட்ட இரண்டாவது நிமிஷம் சுக்கான் குழாய் வழியாக உள்ளே தண்ணீர் ஏறி ரிசீவர் செத்துப்போனது. பாய் எந்தப் பக்கமும் அசையாமல் படகு அப்படியே நின்றது. தம்பி பேண்ட்டோடு இறங்கி, மார்பளவு தண்ணீரில் நடந்து போய் அதைத் தூக்கி வந்தான். பேண்ட்டைப் பிழிந்துகொண்டே சிரித்தான். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. தண்ணீரில் விழுந்த போனுக்கெல்லாம் உயிர் கொடுக்கிற நான், தண்ணீரில் போக வேண்டிய சாமானுக்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளாக நின்றேன்.

அதற்குப் பிறகு வெறி பிடித்த மாதிரி கற்றுக்கொண்டேன். சுக்கான் தண்டில் கிரீஸ் தடவி அடைக்க வேண்டும். மூடியைச் சுற்றி அகலமான டேப் ஒட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் புது டேப். கரைக்கு வந்ததும் மூடியைத் திறந்து, மருந்துக்கடையில் வாங்கின சிரிஞ்சால் அடித் தண்ணீரை உறிஞ்ச வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கனெக்டரை ஸ்பிரிட் தொட்ட பட்ஸால் துடைத்து, மூடியைத் திறந்தபடியே ஒரு ராத்திரி காயவிட வேண்டும். பாயை மடிக்கவே கூடாது, குழாயில் சுற்றி வைக்க வேண்டும். உள்ளே விழுந்த நூலை எடுக்க, முனை வளைந்த இடுக்கியைவிட, கொக்கி மாதிரி வளைத்த ஜெம் கிளிப் நல்லது. போன் டப்பாவில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை நான் தூக்கிப் போடுவதில்லை, எல்லாம் படகுக்குள் போகும். படகை அரிசி மூட்டைக்குள் வைக்கச் சொன்ன ஒரு வாடிக்கையாளரை நான் முறைத்த முறைப்பில் அவர் போனைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்தப் படகில் தள்ளுகிற மோட்டார் கிடையாது, போவது காற்றில்தான். உள்ளே இரண்டு சின்ன மோட்டார். ஒன்று சுக்கானைத் திருப்பும். இன்னொன்று ஓர் உருளையைச் சுற்றும். உருளையில் பாயின் நூல் சுற்றிக்கொண்டால் பாய் உள்ளே வரும், அவிழ்ந்தால் வெளியே போகும். அந்த உருளையை மோட்டாரோடு பிடித்து வைத்திருப்பது தலையில்லாத ஒரே ஒரு பொடி ஸ்க்ரூ. அது லூஸானால் மோட்டார் மட்டும் சுற்றும், உருளை சுற்றாது. பாய், கொடியில் காய்கிற துணி மாதிரி படபடக்கும். ஆகவே ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் அந்த ஸ்க்ரூவை அலன் கீயால் இறுக்கி, மேலே ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைக்க வேண்டும். படகு வைத்திருக்கிற நாலைந்து பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குரூப்பில் இதை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன். மறந்தவர்களை எப்படியெல்லாம் திட்டியிருப்பேன்.

ஊருக்குத்தான் உபதேசம். தம்பி வருவதற்கு முன்பே, தனியாக ஓட்டிப் பார்த்த ஒரு சாயங்காலம் உருளை லேசாக வழுக்குவதை நானே பார்த்தேன். உருளையைக் கையால் அழுத்தி உட்கார வைத்துவிட்டு, 'நல்லா அப்புறம் டைட் பண்ணிக்கலாம்' என்று அலமாரியில் ஏற்றிவிட்டேன். இந்தச் சோம்பேறிக் கையை என்ன செய்வது.

தம்பி வந்தான். மழை வந்தது. ஏரி நிரம்பியது. அதற்கப்புறம் காற்று வரவில்லை. காற்று வந்த நாளில் அவலூர்பேட்டையில் சொந்தக்காரர் கல்யாணம். அமாவாசைக்கு அம்மா அவனை மேல்மலையனூருக்கு இழுத்துப் போய்விட்டாள், கூட்டத்தில் சிக்கி மறுநாள் மதியம்தான் திரும்பினார்கள். இப்படியே தள்ளித் தள்ளி, கடைசி நாள் வந்து நின்றது. இரவு எட்டு மணிக்கு அவனுக்கு சென்னை பஸ். காலையில் பூஜை, மாலை நாலு மணிக்கு ஏரி. அவன் செய்த படகு ஓடுவதை அவன் கண்ணால் பார்க்க அந்த ஒரு சாயங்காலம்தான் மிச்சம். விட்டால் இன்னும் ஒன்பது மாதம். அப்போது ஏரியில் தண்ணீர் இருக்குமா என்பது யாருக்குத் தெரியும்.

பூஜை நன்றாகவே நடந்தது. கடையில் இருந்த சாமான் அத்தனையையும் துடைத்து இலையில் அடுக்கியவள் நான்தான். ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, சால்டரிங் அயர்ன், அரம், அலன் கீ செட். அம்மா ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். சின்ன சாமானுக்கு விரலால் வைத்தால் அப்பிவிடும் என்று, தீக்குச்சி முனையால் தொட்டுத் தொட்டு வைத்தாள். பொரி, கடலை, சுண்டல். வாசலில் பூசணிக்காய்.

மதியம் படகை இறக்கி, பேட்டரி மாட்டி, ரிமோட்டை அழுத்தினேன். மோட்டார் உர்ரென்றது. பாய் அசையவில்லை. உருளை சும்மா நின்றது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

"அம்மா, அந்த அலன் கீ ஒண்ணு மட்டும் எடுத்துக்கறேன். ரெண்டு நிமிசம்."

"எதுக்குடி?"

"படகுக்கு. ஒரு ஸ்க்ரூ டைட் பண்ணணும்."

"நாளைக்குக் காலைல கற்பூரம் காட்டி எடுத்துத் தரேன்."

"நாளைக்கு அவன் ஊர்ல இருக்க மாட்டான்மா."

"அதுக்கு? பூஜைல வெச்சத எடுப்பியா? அதுவும் இவன் கப்பலுக்குப் போற நாள்ல?"

இந்த இடத்தில் எங்கள் அப்பாவைப் பற்றி, நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைனா லாரி மெக்கானிக். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஓர் ஆயுத பூஜை அன்று, திருவண்ணாமலை ரோட்டில் டயர் வெடித்து நின்ற லாரிக்காக ஒருவர் வந்து கெஞ்சினார். நைனா பூஜையில் இருந்த ஜாக்கியை அப்படியே தூக்கிக்கொண்டு போனார். ஜாக்கி சரிந்து வலது கை சிக்கிக்கொண்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவரால் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை, சாகும்வரை இடது கையால்தான் சாப்பிட்டார். முதல் நாள் பெய்த மழையில் மண் ஊறியிருந்தது, அடியில் பலகை வைக்காமல் ஜாக்கி போட்டார், சரிந்தது. இதை நான் அம்மாவிடம் சொல்லாத வருஷம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அம்மா கேட்டுக்கொள்வாள், ஒவ்வொரு வருஷமும் இலைப் பக்கத்தில் காவல் உட்கார்ந்துகொள்வாள்.

தம்பியைத் துணைக்கு இழுத்தேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். இத்தனை நாடு பார்த்தவன், இன்ஜினைப் பிரித்துப் போடுகிறவன், என் பக்கம்தான் பேசுவான் என்று நினைத்தேன்.

"வேணாம்க்கா" என்றான்.

"நீயுமாடா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மா ஒம்பது மாசம் தூங்காது. நான் அங்க இருந்துட்டு என்னா பண்றது? படகு எங்க போவுது, அடுத்த லீவுல பாத்துக்கலாம்."

'பாத்துக்கலாம்' என்று அவன் சொன்ன விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது முறையாக அடுத்த லீவுக்குத் தள்ளிப்போகிறது. அவன் மேல் வந்த கோபமில்லை அது. என் மேல் வந்த கோபம், போக வழி இல்லாமல் எல்லார் மேலும் பாய்ந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினேன்.

ஆயுத பூஜை அன்று எங்கள் ஊரில் ஒரு ஸ்க்ரூவைத் திருக ஆளில்லை. அன்றைக்குத்தான் இதை முழுசாகப் புரிந்துகொண்டேன். ஹார்டுவேர் கடைக்காரர் பூஜை முடித்துப் பொரி கொடுத்துவிட்டு ஷட்டரை இறக்கியிருந்தார். ரோடு முழுக்க உடைந்த பூசணிக்காய். வழுக்காமல் நடப்பதே பெரிய வேலையாக இருந்தது. பைக் மெக்கானிக்கிடம் போனேன். புதுச் சட்டை போட்டு, பூ சுற்றின கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அலன் கீயா? அஞ்சு செட் வெச்சிருக்கறேன்" என்றார். "எல்லாம் சாமிகிட்ட இருக்குது. நாளைக்கு வாங்கக்கா."

"பஞ்சர்னு யாராவது வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"தள்ளினு போகச் சொல்லுவேன்" என்று சிரித்து, ஒரு பொரிப் பொட்டலத்தைக் கையில் வைத்தார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் அதையே சொன்னார், அவரும் பொரி கொடுத்தார். சைக்கிள் கடைக்காரர் பொரியைக் கொடுத்துவிட்டு, வாசலில் கிடந்த ஒரு பழைய போக்ஸ் கம்பியை எடுத்துக்கொள்ளச் சொன்னார், அது பூஜையில் வைக்காததாம். மூன்று பொட்டலம் பொரியும் ஒரு துருப்பிடித்த கம்பியுமாக வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் துணி துவைக்கிற கருங்கல்லில் கம்பி முனையைத் தேய்த்துத் தேய்த்து ஆறுபட்டை ஆக்கப் பார்த்தேன். அரத்தால் செய்ய வேண்டிய வேலை, அரமும் இலை மேல் இருந்தது. ஒரு மணி நேரம் தேய்த்ததில் விரல் தோல்தான் போனது. கம்பியை ஸ்க்ரூவின் குழியில் விட்டுத் திருகினால் சும்மா சுற்றியது. இன்னும் இரண்டு முறை திருகியிருந்தால் குழியின் பட்டை தேய்ந்து, நிஜக் கீ கிடைத்தாலும் பிடிக்காமல் போயிருக்கும். கம்பியைச் சுவரில் அடித்தேன். அழுகை வந்தது. சொல்வதற்கு வெட்கம் இல்லை, அந்தக் கல் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

மூன்றரை மணிக்கு அம்மா சுண்டல் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போனாள். தம்பி குளிக்கப் போயிருந்தான். முன்னறையில் நானும் சாமி படமும்தான். நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். இலை முன்னால் நின்று நன்றாக யோசித்தேன். மண் ஊறினதால் சரிந்த ஜாக்கி, என்று எனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டேன். பிறகு எடுத்தேன்.

ஸ்க்ரூவில் கீ கச்சிதமாக உட்கார்ந்தது. முக்கால் சுற்று. உருளை பிடித்துக்கொண்டது. நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. ரிமோட்டை அழுத்தினேன், பாய் உள்ளே வந்தது, வெளியே போனது. முழு வேலையும் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கீயைத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். சந்தனமும் குங்குமமும் கலைந்திருந்ததால், கிண்ணத்தில் இருந்து தொட்டு விரலால் புதிதாக வைத்தேன்.

"எப்டிக்கா டைட் ஆச்சு?" என்றான் தம்பி, தலையைத் துவட்டிக்கொண்டே.

"போக்ஸ் கம்பிதான். கல்லுல தேய்ச்சு."

என் விரலைப் பார்த்தான். தோல் போயிருந்ததால் நம்பிவிட்டான்.

ஏரிக்கரையில் மேல்காற்று நன்றாக வந்துகொண்டிருந்தது. மூடிக்கு டேப் ஒட்டினேன், ரிமோட்டோடு முப்பது அடி நடந்து சிக்னல் பார்த்தேன், பாய்மரத்து உச்சியில் கட்டின நூல் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தேன். பிறகு ரிமோட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, நான் தண்ணீரில் இறங்கிப் படகை விட்டேன்.

போனது. பக்கவாட்டில் சாய்ந்து, மூக்கால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் போனது. நடு ஏரிவரை போய், அவன் திருப்பினதும் பாய் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் மாறி, கோட்டை மலையின் நிழல் விழுந்திருந்த தண்ணீர் வழியாகத் திரும்பி வந்தது. தம்பியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அத்தனை பெரிய கப்பலில் வேலை பார்த்தும், கீழ்த்தளத்தில் இன்ஜின் பக்கம் நிற்கிறவன் கப்பல் போவதைப் பார்ப்பதில்லை. "நான் செஞ்சது போவுதுக்கா" என்று ஒருமுறை மட்டும் சொன்னான். முக்கால் மணி நேரம் ஓட்டினான். அந்த முக்கால் மணி நேரமும் எனக்குக் கோபம் என்பதே மறந்துபோயிருந்தது.

அவன் போனில் நான் எடுத்த வீடியோவை வீட்டில் அம்மாவிடம் காட்டினான். "நல்லாத்தான் போவுது" என்றாள் அம்மா. பிறகு அவன் உடை மாற்ற உள்ளே போனதும் என்னைப் பார்த்தாள்.

"எடுத்தியா?"

நான் படகின் டேப்பைப் பிரிக்கக் குனிந்தேன்.

"தீக்குச்சில வெச்ச பொட்டு இம்மாம் பெருசாவா இருக்கும்?"

"திருப்பி வெச்சுட்டேன்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். பதில் எல்லாம் தயாராக இருந்தது, மண், மழை, பலகை எல்லாம். அம்மா திட்டவில்லை. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "அவன்கிட்ட சொல்லாத" என்றாள். "தைரியமா போவட்டும்."

எட்டு மணிக்கு பஸ் ஏறிப் போனான்.

மறுநாள் காலை அம்மா கற்பூரம் காட்டி எல்லாச் சாமானையும் எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கீயை மட்டும் கொடுக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் விளக்கோரம் வைத்து, "அது இங்கியே இருக்கட்டும். அவன் வந்து எடுக்கட்டும்" என்றாள். எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் பேசுகிற நான், மற்ற சாமான்களை மட்டும் வாங்கி அடுக்கினேன்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவான். மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. கப்பலில் நெட் பழுதாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், என் தொழிலே அதுதான். இருந்தாலும் கடையில் உட்கார்ந்து வேலை ஓடவில்லை. எடுத்த போனைப் பிரிப்பேன், பிரித்ததை மறந்து இன்னொன்றைப் பிரிப்பேன். ஒருநாள் அம்மா எழுவதற்கு முன்னால் எழுந்து, கடைக்குள் போய், தீக்குச்சி முனையால் அந்தக் கீக்குப் புதிதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நிமிர்ந்தால் அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "சின்னதா வெய்டி" என்று மட்டும் சொன்னாள். பதினாறாம் நாள் அவன் கூப்பிட்டான். நெட்தான் பழுது.

படகு இப்போது அலமாரி மேல் இருக்கிறது. போன மாதம் ஏரிக்கு எடுத்துப் போனேன், உருளை மறுபடி வழுக்கியது. வேறு அலன் கீ ஒன்று வாங்கி இறுக்கினால் ஆயிற்று, ஹார்டுவேர் கடையில் டப்பா நிறைய இருக்கிறது. வாங்கவில்லை. இந்தக் கீயை அவன் வந்து எடுக்கும்வரை அந்த ஸ்க்ரூவை வேறு எதனாலும் தொடக் கூடாது என்று எனக்குள் ஏதோ ஒன்று முடிவு செய்துவிட்டது. அது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி கேட்டான்.

"படகு ஓட்டினு இருக்கியாக்கா?"

"ஓட்டறேன்டா."

"அந்த ஸ்க்ரூவ மட்டும் டைட்டா வெச்சுக்கோ. அதுதான் முக்கியம், நீதான எல்லாருக்கும் சொல்லுவ."

விளக்கோரம் கீ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, சரி என்றேன்.